பனி வெள்ளை, பனியாற்று வெடிப்பு நீலம், ஐஸ் பாரின் நடு மட்டும் சுண்ணாம்பு: ஏன் இப்படி?

தூத்துக்குடியில் மீன் வியாபாரம் பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "அண்ணாச்சி, கம்பெனியில இருந்து வர்ற ஐஸ் பார் ஓரத்துல கண்ணாடியா இருக்கு, நடுவுல மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. அதையே மெஷின்ல போட்டு உடைச்சா மொத்தமும் வெள்ளையாயிருது. எங்க அண்ணன் பட்டாளத்துல, லடாக்ல இருக்கான். அவன் அனுப்புன படத்துல பனிக்கட்டி வெடிப்புக்குள்ள நீலமாத் தெரியுது. வானத்து நிறம்தான் அதுல தெரியுதுன்னு ஒருத்தர் சொல்றார். எல்லாம் தண்ணிதானே, நிறம் மட்டும் ஏன் மாறுது?"

தம்பி, ஐஸுக்கு என்று மிக மெல்லிய ஒரு நீலம் உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் ஐஸுக்குள் மீட்டர் கணக்கில் போய்த் திரும்ப வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் போய்த் திரும்பிவிட்டால் வெள்ளை. எங்கும் திரும்பாமல் நேரே ஊடுருவிப் போனால் கண்ணாடி. உங்கள் பாரிலும் உங்கள் அண்ணன் படத்திலும் இருப்பது ஒரே பொருள்தான். வெளிச்சம் உள்ளே போய்வரும் தூரம்தான் வேறு. வானத்துக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். அது எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெள்ளை. வெளிச்சம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது கொஞ்சம் திரும்பும், மிச்சம் வளைந்து உள்ளே போகும். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்றுக்கு அந்த எண் ஏறக்குறைய 1, ஐஸுக்கு 1.31. இந்த இரண்டும் சந்திக்கும் ஒரு முகத்தில் நேராக விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். சாய்ந்து விழுந்தால் இன்னும் கூடும். ஒரு முகம் என்றால் இது பெரிதில்லை. ஆனால் புதிதாக விழுந்த பனியில் ஐஸ் துணுக்கு ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கன மீட்டர் புதுப் பனியின் எடை 50 முதல் 100 கிலோ. திட ஐஸாக இருந்தால் அதே கன மீட்டர் 917 கிலோ இருக்கும். அதாவது புதுப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. கையகலப் பனிக்குள் நுழையும் வெளிச்சம் நூற்றுக்கணக்கான முகங்களைச் சந்திக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் வளைந்து, எந்தத் திசையில் நுழைந்தது என்ற அடையாளமே இல்லாமல் மேலே வந்துவிடுகிறது. இந்தச் சுற்றில் அது ஐஸுக்குள்ளேயே போன தூரம் மொத்தமும் சொற்பம். எந்த நிறமும் தின்னப்படவில்லை. எல்லா நிறமும் சம பங்காகத் திரும்பி வருகின்றன. அதைத்தான் வெள்ளை என்கிறோம். விழுகிற வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை புதுப் பனி திருப்பி அனுப்பிவிடும்.

உங்கள் ஊர் உப்பளத்தில் இதே கணக்கு உப்பில் நடக்கிறது. பாத்தியில் எடுத்த பெரிய கல்லுப்பு ஒன்றைத் தண்ணீர் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும். அம்பாரமாகக் குவித்தால் தூரத்திலிருந்தே கண்ணைக் கூசும் வெள்ளை. உப்பின் நிறம் மாறவில்லை, முகங்களின் எண்ணிக்கைதான் கூடியது.

உடைத்த ஐஸ் மொத்தமும் வெள்ளையாவதற்கும் இதுவே காரணம். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பாரின் கண்ணாடிப் பகுதியிலிருந்து மட்டும் ஒரு துண்டு எடுத்து, சாக்கில் சுற்றிப் பொடியாக உடையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு போடுங்கள்; வெள்ளையாக இருக்கும். இப்போது குளிர்ந்த தண்ணீரை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் ஏறும் உயரம் வரைக்கும் வெள்ளை மறைந்து, மறுபக்கம் வைத்த விரல் மங்கலாகத் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஐஸின் 1.31. இரண்டும் அவ்வளவு நெருங்கி இருப்பதால் இடையில் உள்ள முகத்தில் வெளிச்சம் திரும்புவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதும், முகங்கள் அங்கேயே இருந்தாலும் வெளிச்சத்துக்கு அவை இல்லாத மாதிரிதான். திருவிழாக் கடையில் சீவிய ஐஸின் மேல் நன்னாரி சர்பத் ஊற்றியதும் வெள்ளை போய்ச் சாயம் ஏறிய கண்ணாடியாக அது மாறுவது இதனால்தான். ஈரப் பனி காய்ந்த பனியைவிட மங்கலாகத் தெரிவதும் இப்படியே.

இது உங்கள் தொழிலுக்கும் உதவும். மீன் பெட்டியில் போட்ட உடைத்த ஐஸ் வெள்ளையாக இருக்கும் வரை உருகிய தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து கண்ணாடி நிறம் ஏறி வந்தால் வடிகால் ஓட்டை அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. மூடியைத் திறந்த கையோடு நிறத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

இனி பாரின் நடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐஸின் நிறத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் கிடையாது.

ஐஸ் பிளான்டில் தகரக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, பிரைன் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். பிரைன் என்பது உப்புக் கரைசல். அமோனியாக் குழாய்கள் அதை 0 டிகிரிக்குக் கீழே, பெரும்பாலும் −8 முதல் −12 டிகிரி வரை வைத்திருக்கும். உப்பு கரைந்திருப்பதால் அது உறைவதில்லை. கேனின் நான்கு சுவரிலிருந்தும் அடியிலிருந்தும் ஐஸ் உள்நோக்கி வளர்கிறது. ஐஸ் படிகம் தன் அணிவகுப்புக்குள் தண்ணீர் மூலக்கூறைத் தவிர வேறு எதையும் சேர்ப்பதில்லை. நம் பக்கத்து வெயிலில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 15 மில்லி லிட்டர் காற்று கரைந்திருக்கும். உப்பும் சுண்ணாம்புச் சத்தும் வேறு. உறையும் முகம் நகர நகர, இவை எல்லாம் இன்னும் உறையாத நடுத் தண்ணீருக்குள் தள்ளப்படுகின்றன. முதலில் உறைந்த ஓரம் இதனால் சுத்தமாக, கண்ணாடியாக இருக்கிறது. நடுவில் காற்றின் செறிவு கூடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தண்ணீரால் தாங்க முடியாமல் குமிழாக வெளியே வருகிறது. வளரும் ஐஸ் அந்தக் குமிழைச் சுற்றி மூடிக்கொள்கிறது. பாரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், கண்ணாடி முடிந்ததும் ஊசி ஊசியாக நடுவை நோக்கி ஓடும் நீளக் குமிழ்கள் தெரியும். முகம் நகர நகரக் குமிழும் கூடவே நீண்டதன் தடம் அது. அதற்கும் உள்ளே பொடிக் குமிழ்களும் உப்புத் துகள்களும் நெருங்கிய சுண்ணாம்பு வெள்ளை. ஒவ்வொரு குமிழும் காற்று–ஐஸ் முகம். எனவே பனி வெள்ளையாக இருப்பதும் பாரின் நடு வெள்ளையாக இருப்பதும் ஒரே கதை.

இதைத் தவிர்க்கப் பிளான்டில் இரண்டு வேலை செய்வார்கள். கேனுக்குள் குழாய் இறக்கிக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பது முதல் வேலை. காற்றைத் தவிர்க்கக் காற்றையே ஊதுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஓடும் தண்ணீர் உறையும் முகத்தில் ஒட்டிய சிறு குமிழ்களைக் கழுவிக்கொண்டு போய்விடும், அவை மேலே வந்து வெடித்துவிடும். இரண்டாவது, நடுவில் கடைசியாக மிஞ்சும் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புவது. ஊதுவதை முன்கூட்டியே நிறுத்தினாலும், குழாய் உறைந்து அடைத்தாலும், நடு வெள்ளை பெருக்கும். பிரைனை அளவுக்கு மேல் குளிர வைத்து அவசரப்பட்டாலும் அப்படித்தான்: முகம் குமிழைவிட வேகமாக ஓடி அதைச் சிறைபிடித்துவிடும். உறையும் நேரம் கேனின் கனத்தின் வர்க்கத்தோடு கூடும். கனம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. அதனால் அவசரத்துக்கான ஆசை எப்போதும் இருக்கும், அதன் கூலி அந்த வெள்ளைதான். பாரில் ஒரு பக்கமாக மட்டும் மங்கலான கோடு ஓடி, அந்த இடம் மெத்தென்று இருந்து, நக்கினால் கரிக்கும் என்றால் கேனில் ஓட்டை; பிரைன் உள்ளே கசிந்திருக்கிறது. கேனிலிருந்து பாரைக் கழற்றச் சாதாரணத் தண்ணீரில் முக்குவார்கள். மிகக் குளிர்ந்த பாரை அப்படிச் சட்டென்று முக்கினால் உள்ளே விரிசல் ஓடும். விரிசலும் ஒரு முகம், அதுவும் வெள்ளியாகப் பளபளக்கும். குமிழ் உருண்டையாகவோ ஊசியாகவோ இருக்கும், விரிசல் தகடாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அதைப் பாருங்கள்.

ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே நன்றாகத் தெரியும். தாமிரபரணித் தண்ணீரில் உறைந்த பாரைவிட, கடலோரத்துக் கடின போர் தண்ணீரில் உறைந்ததன் நடு அதிக வெள்ளை. காற்றோடு தாது உப்பும் சேர்ந்து படிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் (ஆர்.ஓ. தண்ணீர் பார்ப்பது) ஒன்று இருந்தால் ஓரத்துத் துண்டையும் நடுத் துண்டையும் தனித்தனி டம்ளரில் உருக்கி அளந்து பாருங்கள். ஓரம் மூலத் தண்ணீரைவிட வெகுவாகக் குறைந்தும், நடு கூடியும் காட்டும்.

வீட்டு ஃபிரிட்ஜில் கண்ணாடி ஐஸ் வேண்டுமென்றால் எல்லாரும் சொல்வது "தண்ணீரைக் கொதிக்க வை" என்பதுதான். அது பாதி உண்மை. கொதித்தால் காற்றில் பெரும்பகுதி போகும். ஆனால் ஆறும்போது திறந்து வைத்தால் திரும்பக் கரைந்துகொள்ளும். உப்பு எங்கும் போகாது, கொதித்துச் சுண்டினால் செறிவு கூடத்தான் செய்யும். கடினத் தண்ணீரானால் சுண்ணாம்பு கொஞ்சம் அடியில் படியும், அதைத் தெளிய வைத்து மேலே உள்ளதை எடுக்கலாம், லாபம் அவ்வளவுதான். உண்மையான வழி, ஐஸை ஒரே திசையிலிருந்து வளர வைப்பது. ஃபிரீசருக்குள் அடங்கும் ஒரு சிறிய தெர்மோகோல் பெட்டியை எடுத்து, மூடியை நீக்கிவிட்டு, அதற்குள் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் உயரம் தண்ணீர் வையுங்கள். பக்கமும் அடியும் தெர்மோகோல் மறைப்பதால் குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும். காற்றும் உப்பும் அடிக்குத் தள்ளப்படும். ஒரு நாள் வாக்கில் எடுத்துப் பாருங்கள்; மேலே மூன்றில் இரண்டு பங்கு உறைந்து அடியில் இன்னும் தண்ணீர் நிற்கும்போதே கவிழ்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறந்துபோய் முழுக்க உறைய விட்டால் அடி வெள்ளையாகிவிடும், டப்பாவும் பிளக்கலாம். கடைசியாக உறையும் தண்ணீருக்கு விரிய இடம் இருக்காது. அப்படி ஆகிவிட்டால் ரம்பத்தால் அடியை அறுத்து எறியலாம்.

கோடை மழையோடு எப்போதாவது நம் பக்கம் விழும் ஆலங்கட்டியிலும் இதையே காணலாம். பெரிய ஒன்று கிடைத்தால் சூடான கத்தியால் நடுவில் அறுத்துப் பாருங்கள். வெங்காயம் போலக் கண்ணாடி அடுக்கும் வெள்ளை அடுக்கும் மாறி மாறி இருக்கும். மேகத்தின் ஒரு பகுதியில் குளிர்துளிகள் பட்ட உடனே உறைந்து காற்றைச் சிறைபிடித்தால் வெள்ளை அடுக்கு. வேறொரு பகுதியில் துளிகள் நிறையச் சேர்ந்து, கட்டியின் மேல் தண்ணீராகப் பரவி நிதானமாக உறைந்தால் காற்று தப்பிவிடும், கண்ணாடி அடுக்கு. மேகத்துக்குள் அந்தக் கட்டி எந்தெந்த நிலையில் வளர்ந்தது என்பது அப்படியே அதில் பதிந்திருக்கிறது.

இப்போது நீலம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கும் பிணைப்பு விடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் அடிப்படை அதிர்வு அகச்சிவப்பில், 3 மைக்ரோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த அதிர்வின் மேல்சுரங்கள், அதாவது அதைப் போல் பல மடங்கு வேகமான அதிர்வுகள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் சிவப்பு ஓரம் வரை மெலிதாக எட்டிப் பார்க்கின்றன. அதனால் தண்ணீரும் ஐஸும் சிவப்பைக் கொஞ்சமாகத் தின்கின்றன, நீலத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஐஸில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு வெளிச்சம் 30 சென்டிமீட்டர் போனால் சுமார் 10 சதவீதம் குறையும். 3 மீட்டர் போனால் சுமார் 60 சதவீதம் போய்விடும். அதே 3 மீட்டரில் நீலம் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தால் பெரிது. ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான டியூட்டீரியம் இருக்கும் கனநீரில் அதிர்வு மந்தமாகி, வெளிச்சத்தை இப்படித் தின்பது (உட்கவர்தல்) முழுவதும் அகச்சிவப்புப் பக்கம் தள்ளிப்போகிறது. 3 மீட்டர் குழாயில் நிரப்பிப் பார்த்தாலும் கனநீர் நிறமற்றே இருக்கும். நீலத்துக்குக் காரணம் அந்தப் பிணைப்பின் அதிர்வுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

உங்கள் ஐஸ் பாரில் நீலம் தெரியாததற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அதன் கனம் ஒரு அடிகூட இல்லை. அதைத் தாண்டும் வெளிச்சத்தில் சிவப்பு பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. கண் அதைக் கண்டுபிடிக்காது. பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் ஐஸ் திரள், அப்படியில்லை. வருடா வருடம் விழும் பனி அடுக்கின் மேல் அடுக்காக அழுத்தி, துணுக்குகள் ஒட்டி, இடையில் இருந்த காற்று வெளியேறுகிறது. கன மீட்டருக்கு 830 கிலோ ஆகும்போது காற்று ஓடும் வழிகள் எல்லாம் அடைபட்டு, மிஞ்சியது தனித்தனிக் குமிழாகிறது. கரைந்து மறுபடி உறையும் மலைப் பனியாறுகளில் இது சில பத்தாண்டுகளில் நடந்துவிடும். அண்டார்டிகாவின் கடுங்குளிரில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். குமிழ்கள் குறைந்து சுருங்கச் சுருங்க, வெளிச்சம் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போகும் தூரம் நீள்கிறது. உள்ளே மீட்டர் கணக்கில் அலைந்து வெளியே வரும்போது சிவப்பு போய்விட்டிருக்கும், மிஞ்சியது நீலம். வெடிப்புக்குள் பார்த்தால் இன்னும் அடர்த்தி, ஏனென்றால் ஒரு சுவரிலிருந்து வந்த நீல வெளிச்சம் எதிர்ச் சுவருக்குள் போய் மறுபடி வடிகட்டப்படுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமிழே இல்லாவிட்டாலும் நீலம் தெரியாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். குளத்தின் மேல் நிதானமாக உறைந்த குமிழில்லாத ஐஸ் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். வெளிச்சம் அடியிலுள்ள இருட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறது, திரும்பவில்லை. குளிர்நாட்டுத் தார்ச்சாலையில் கண்ணுக்கே தெரியாமல் படிந்து வண்டிகளைச் சறுக்க வைக்கும் ஐஸ் படலமும் இந்த வகைதான். அதன் வழியாகத் தாரின் கறுப்பே தெரியும். தென்துருவத்தின் ஐஸுக்குள் 1450 முதல் 2450 மீட்டர் ஆழத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டறியும் உணர்விகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஆழத்து அழுத்தத்தில் குமிழ்கள் மறைந்து, காற்று ஐஸ் படிகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அங்கே நீல வெளிச்சம் உட்கவரப்படாமல் 100 மீட்டருக்கு மேல் போகும். ஐஸ் உண்மையில் எவ்வளவு தெளிவானது என்பதற்கு அது சான்று.

வானத்துக் கதைக்கு வருகிறேன். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அதுவே முடிந்த முடிவு. 1921-ல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சி. வி. ராமன், ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து மேற்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். கடல் நீலமாகவே இருந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்று நிறுவிவிட்டார். தண்ணீர் மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதை அவர் அதற்கு முதன்மைக் காரணமாகச் சொன்னார். சிவப்பு உட்கவரப்படுவதன் பங்கே பெரிது என்பது இன்றைய புரிதல். ஐஸுக்கும் இதே வாதம் பொருந்தும். மேகம் மூடி வானம் சாம்பலாக இருக்கும் நாளிலும் பனியாற்று வெடிப்பு நீலமாகவே இருக்கிறது; வெயில் கூசாததால் இன்னும் நன்றாகக்கூடத் தெரியும்.

வானம் நிறம் கொடுப்பது வேறொரு இடத்தில். வெயில் நாளில் பனியின் மேல் விழும் நிழல்கள் நீலமாக இருக்கும். அங்கே சூரியனின் நேர் வெளிச்சம் இல்லை, நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுகிறது. வெள்ளைப் பனி அதை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. அந்தி நேரத்தில் சிகரங்கள் செம்பொன்னாவதும் அதேபோல், விழும் வெளிச்சத்தின் நிறம். நிழலின் நீலத்தையும் வெடிப்பின் நீலத்தையும் ஒன்றாக எண்ணுவதில்தான் குழப்பம் பிறக்கிறது.

நீலத்தைப் பற்றி உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டிய இன்னொன்று. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உண்பதற்கு அல்லாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. இண்டிகோ கார்மைன் அல்லது பிரில்லியன்ட் புளூ, 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரை. 50 கிலோ பாருக்கு அது அரை கிராம். குளிர்ச்சிக்கு மட்டும் வாங்கும் ஐஸ் ஜூஸ் கடைக்குப் போய்ச் சேராமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடு. பார் கனத்தில் ஐஸுக்கு இயல்பான நீலம் தெரிய வழியே இல்லை என்று மேலே கணக்குப் பார்த்தோம். எனவே கடையில் நீல நிற ஐஸ் கண்டால் அது சாயம்தான், தொண்டைக்குள் போகக் கூடாதது. சாயமும் உப்பைப் போலவே நடுவுக்குத் தள்ளப்படும் என்பதால் ஓரம் வெளிறி நடு அடர்ந்திருக்கும். ஓரத்தை மட்டும் செதுக்கி எடுத்துக் கொடுத்தால் சாயம் கண்ணுக்குப் படாது. வெள்ளையாக இருப்பதாலேயே ஐஸ் நல்லது என்று நம்பிவிடாதீர்கள்.

மற்ற நிறங்கள் எல்லாம் ஐஸோடு கலந்தவற்றின் நிறம். கோடையில் பழைய பனி இளஞ்சிவப்பாவது கிளாமிடோமோனாஸ் நிவாலிஸ் என்ற ஒரு செல் பாசியால். கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. 1818-ல் கடலோடி ஜான் ராஸின் கப்பல் கிரீன்லாந்துக் கரையின் பாறைச் சரிவுகளில் சிவந்த பனியைக் கண்டு பதிவு செய்தது. உப்பளத்தில் உப்பு விளையும் முன் செறிந்த நீர் இளஞ்சிவப்பாவது டுனாலியெல்லா என்ற பாசியாலும் உப்பு விரும்பி நுண்ணுயிர்களாலும். பனியில் இருப்பதற்கு அது உறவுமுறை. அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்று முனையில் ரத்தம் வழிவது போல் இறங்கும் நீர் இரும்பால் சிவந்தது. 1911-ல் நிலவியலாளர் கிரிஃபித் டெய்லர் கண்டது. அண்டார்டிகாவில் அபூர்வமாகப் பச்சை ஐஸ் மலைகளும் மிதக்கும். அவை பனியாற்றின் அடியில் கடல்நீர் உறைந்து ஒட்டிய குமிழில்லாத ஐஸ். பாறைத் தூளின் இரும்பு ஆக்சைடு நீலத்தைத் தின்ன, ஐஸ் சிவப்பைத் தின்ன, நடுவில் பச்சை மிஞ்சுகிறது என்று ஆய்வாளர் ஸ்டீபன் வாரனும் உடனிருந்தோரும் 2019-ல் விளக்கம் வைத்தார்கள்.

இமயத்தில் அதிகம் காண்பது இந்த அழகுகளை அல்ல, சாம்பலும் காவியும்தான். அங்குள்ள பல பனியாறுகளின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும். கங்கோத்ரியின் கோமுகம் முனையைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலைவனத் தூசியும் புகைக்கரியும் பனியின் மேல் படிகின்றன. ஒரு கிலோ பனியில் சில பத்து மைக்ரோகிராம் கரி இருந்தாலே அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஓரிரு சதவீதம் குறையக்கூடும். பனிக்குள் வெளிச்சம் நூற்றுக்கணக்கான முறை திரும்புவதால் வழியில் ஒரு கரித்துகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். திரும்பாத வெளிச்சம் வெப்பமாகிறது, பனி உருகுகிறது, துணுக்குகள் அளவில் பெரிதாகின்றன, இன்னும் மங்குகிறது. பழைய பனி 50 முதல் 70 சதவீதம் வரையும், பனி போய் வெளியே தெரியும் பனியாற்று ஐஸ் 30 முதல் 40 சதவீதம் வரையும்தான் திருப்பும். தாழ்வான நாடுகளின் ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் மலைகளில் இந்த நிறமாற்றம் சின்ன விஷயமில்லை.

ஊரிலேயே நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ் வேண்டாம், தண்ணீரே போதும். 2 அங்குலச் சாம்பல் நிற பி.வி.சி. பைப் 3 மீட்டர் வாங்குங்கள். இரு முனையிலும் அக்ரிலிக் வில்லை வெட்டி சிலிக்கானால் ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். ஒரு முனையருகே மேல்பக்கம் துளையிட்டு, ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். 6 லிட்டர் பிடிக்கும். ஆற்றுத் தண்ணீர் கூடாது, மிதக்கும் தூசி பச்சையும் மஞ்சளும் காட்டும். படுக்கை வாட்டில் வைத்து, குமிழ்கள் அடங்க ஒரு மணி நேரம் விட்டு, எதிர்முனைக்கு முன்னால் வெயிலில் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய நீலம், லேசாகப் பச்சை கலந்தது போல் தெரியும். பைப் காலியாக இருந்தபோது அதே தாளைப் பார்த்துவிட்டு ஊற்றினால் வித்தியாசம் சந்தேகமின்றித் தெரியும்.

உங்கள் அண்ணனுக்கு இரண்டு வேலை சொல்லுங்கள். கெட்டிப்பட்ட பனியில் ஒரு தடியை ஒரு மீட்டர் ஆழம் நேராகக் குத்தி எடுத்து, துளைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். மேலே வெள்ளையாக இருக்கும் அதே பனி துளையின் அடியில் நீலமாகத் தெரியும். அவ்வளவு ஆழம் போன வெளிச்சம் துணுக்குகளுக்குள் அலைந்த மொத்தத் தூரம் அதைவிடப் பல மடங்கு.

மற்றது, படம் எடுக்கும் முறை. ஃபோன் கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் பனி அழுக்காகவும் நீலம் பூத்தும் வரும். திரையில் பனியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளிப் பனி வெள்ளையாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். மேகமூட்டமான நாளில், ஒரு வெள்ளைத் தாளையும் சட்டத்துக்குள் வைத்து எடுக்கட்டும். தாளும் நீலமாக வந்தால் அது கேமராவின் வேலை. தாள் வெள்ளையாக இருந்து வெடிப்பு மட்டும் நீலமாக வந்தால் அது ஐஸின் நிறம். வெடிப்பை மட்டும் எட்டி நின்று ஜூம் செய்தே எடுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் புதுப் பனி பாலம் போல மூடியிருக்கும், கயிறு இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது.